குழுவோடு வேலையா, தனியாகவா: ஒரு தணிக்கையாளரின் கேள்விக்குப் பதில்

வாசகர் கேள்வி:

நான் பட்டயக் கணக்காளர். வயது 32. சென்னையில் நடுத்தர அளவுள்ள தணிக்கை நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இந்த ஆண்டின் பணி மதிப்பீட்டில், ‘திறமை இருக்கிறது, ஆனால் குழுவோடு இணைந்து செயல்படுவதில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த பதவியில் எட்டுப் பேருக்குப் பொறுப்பேற்க வேண்டியிருப்பதால், இந்தக் குறையைச் சரிசெய்தால்தான் உயர்வு கிடைக்கும் என்கிறார்கள். கூட்டங்களில் நான் அதிகம் பேசுவதில்லை என்பது உண்மை. இளையவர்கள் செய்து தரும் வேலையில் பிழை இருந்தால், இரவில் உட்கார்ந்து நானே மறுபடி செய்துவிடுவேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நூற்பாலையின் தணிக்கையில், கழிவுப் பஞ்சுக் கணக்கில் இருந்த பெரிய முரண்பாட்டைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன். இருப்பு எண்ணப் போயிருந்த பயிற்சி மாணவி தன் தாளின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு குறிப்புதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை செய்த மாதங்கள்தான் என் பணிவாழ்வில் நிம்மதியான மாதங்கள். இப்போது எங்கள் ஊரான கரூரில், அப்பாவின் நண்பரான மூத்த ஆடிட்டர் ஒருவர், மூன்று உதவியாளர்கள் உள்ள தம் அலுவலகத்தை என்னிடம் ஒப்படைக்க விரும்புகிறார். நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நினைக்கிறார். நான் குழுவில் வேலை செய்யத் தகுந்தவளா, தனியாக வேலை செய்யத் தகுந்தவளா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

– வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எந்த ஏற்பாட்டில் உங்கள் வேலை சிறக்கிறது என்பது ஒன்று. ஊருக்குத் திரும்பிப் பெற்றோருக்கு அருகில் வாழ வேண்டுமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி முதலாவதைவிடச் சிறியதன்று. அதற்கு உங்கள் விடை ‘ஆம்’ என்றால், கரூருக்குப் போவதற்கு அந்த ஒரு காரணமே போதும். அதற்குத் துணையாக ‘நான் குழுவுக்கு ஒத்துவராதவள்’ என்றொரு தீர்ப்பை உங்கள் மீது நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர் மாறவோ வேலை மாறவோ விரும்பும் பலர், அந்த விருப்பத்தைச் சொல்லத் தயங்கி, தம் இயல்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்து அதையே காரணமாக்கிக்கொள்கிறார்கள். இடம் மாறிய பிறகும் அந்தக் குறை பற்றிய நம்பிக்கை அவர்களோடு சேர்ந்து போய்விடுகிறது. எனவே அம்மாவின் விருப்பத்தையும் உங்கள் விருப்பத்தையும் வீட்டில் வெளிப்படையாகப் பேசி, அதைத் தனியாக முடிவு செய்யுங்கள். வேலையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மதிப்பீட்டில் இருந்த அந்த ஒரு வரியை எழுதியவர் பார்த்தது உங்கள் நடத்தையை. நீங்களோ அதை உங்கள் இயல்பைப் பற்றிய தீர்ப்பாகப் படித்திருக்கிறீர்கள். ‘இணைந்து செயல்படுவதில்லை’ என்பதற்குக் கூட்டத்தில் பேசுவதில்லை என்றும் பொருள் கொள்ளலாம். வேலையைப் பிரித்துத் தருவதில்லை என்றும், திருத்தியதைச் சொல்வதில்லை என்றும் பொருள் கொள்ளலாம். இவை மூன்றும் வேறு வேறு பழக்கங்கள். மூன்றுக்கும் காரணமும் தீர்வும் வேறு வேறு. இவற்றை எல்லாம் ‘அகமுகம்’ (தனக்குள் ஒதுங்கும் இயல்பு) என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடும் இணையத் தேர்வுகளை நீங்கள் எழுதிப் பார்த்திருக்கக்கூடும். அவற்றை நம்பி இந்த முடிவை எடுக்க வேண்டாம். அகமுகமும், பிறரோடு கலந்து பழகும் இயல்பான புறமுகமும் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் அல்ல, ஒரே அளவுகோலின் இரு முனைகள். பெரும்பாலானவர்கள் அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். மேலும், அமைதியானவர் என்பதற்கும் பிறரோடு சேர்ந்து நல்ல வேலை செய்யமாட்டார் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

நீங்கள் தனியாகத்தான் சிறப்பாக வேலை செய்கிறீர்கள் என்பதற்கு மூன்று ஆதாரங்களைத் தந்திருக்கிறீர்கள். தணிக்கையாளரான நீங்கள் வேறொருவர் தரும் ஆதாரத்தை எப்படிச் சோதிப்பீர்களோ, அப்படியே இவற்றையும் சோதித்துப் பார்ப்போம்.

ஊரடங்கு மாதங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த நிம்மதி உண்மையானது. ஆனால் அது எதிலிருந்து வந்தது? அந்த ஆண்டு பல கெடுத் தேதிகள் தள்ளிவைக்கப்பட்டன. வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடுவே 2021 ஜனவரி 15 வரை நீண்டது. சென்னையில் அலுவலகம் போய்வரும் பயணமும் இல்லை. கெடுவின் நெருக்கடி தளர்ந்ததும், பயணக் களைப்பு நீங்கியதும், பக்கத்தில் ஆட்கள் இல்லாததும் ஒரே காலத்தில் நடந்தன. இவற்றில் எது உங்களுக்கு நிம்மதி தந்தது என்பதை அந்த மாதங்களைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது. இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள்: அப்போது நீங்கள் முடித்த கோப்புகள் பல ஆண்டுகளாகப் பழகிய வாடிக்கையாளர்களுடையவையா, புதியவர்களுடையவையா? இது முக்கியமான கேள்வி. பிறர் அருகில் இருப்பது நன்கு பழகிய வேலையை விரைவுபடுத்துகிறது, புதிதாகக் கற்க வேண்டிய வேலையைத் தடுமாறச் செய்கிறது என்று, அதுவரை நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 1965இல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் எழுதினார். உங்கள் அலுவலகத்தில் அருகிலிருப்பவர்கள் எப்போது உங்களுக்கு இடையூறாகத் தோன்றுகிறார்கள் என்று கவனியுங்கள். புதிய கணக்கியல் தரம் ஒன்றை முதல்முறை படித்துப் பொருத்திப் பார்க்கும்போது மட்டும் என்றால், உங்களுக்குத் தேவை ஒரு மூடிய அறையும் சில மணி நேரமும். வேறு தொழில் வாழ்க்கை அன்று.

அடுத்தது நூற்பாலை. இதைத் தனியாகக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த வரியிலேயே அந்த மாணவியின் ஓரக்குறிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன், அதனால்தான் இதைச் சுட்டிக்காட்டவும் துணிகிறேன். கிடங்கில் நின்று பஞ்சுப் பொதிகளை எண்ணியவர் அவர். எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், தனக்கு உறுத்திய ஒன்றைத் தாளில் எழுதிவைத்தார். அந்த உறுத்தலின் பொருளை நீங்கள் உணர்ந்து, உட்சென்ற பஞ்சு, வெளிவந்த நூல், இடையில் கழிவு என்று கணக்கை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தீர்கள். களத்தில் ஒரு கண்ணும் மேசையில் ஒரு கண்ணும் சேர்ந்து செய்த வேலை அது. உங்களுக்குத் தனிமை தேவைப்பட்டது நடுவில், எண்களோடு உட்கார்ந்த அந்த நாட்களில். அதற்கு முன்பு இன்னொருவர் தேவைப்பட்டார். பிறகு முரண்பாட்டை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லிப் பதில் பெற்றபோது உங்கள் நிறுவனப் பங்குதாரர் எவரேனும் உங்களுடன் இருந்திருப்பார் என்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது ஆதாரத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இளையவர்களின் பிழைகளை இரவில் நீங்களே திருத்திவிடுகிறீர்கள். இதை உங்கள் தனித்திறமைக்குச் சான்றாக எழுதினீர்களா, சோர்வுக்குச் சான்றாக எழுதினீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் பழக்கம் தனியாக வேலை செய்வதும் அன்று, குழுவாக வேலை செய்வதும் அன்று. குழுவில் இருந்துகொண்டே அதன் பயனை இழப்பது இது. திருத்தியதை அந்த இளையவரிடம் நீங்கள் சொல்வதில்லை என்றால், அவர் அடுத்த மாதமும் அதே பிழையைச் செய்வார், நீங்களும் அடுத்த மாதம் விழித்திருப்பீர்கள்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸிமிலியன் ரிங்கல்மன், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அவர்களது விசையை அளந்தார். 1913இல் அந்த முடிவுகள் வெளியாயின. ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் தரும் விசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுத்திருந்தால் கிடைக்க வேண்டிய மொத்த விசையில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. ஒரே நேரத்தில் இழுக்காததால் வந்த இழப்பு அது என்று ஒரு பகுதியை விளக்கிவிடலாம். ஆனால் 1974இல் அமெரிக்காவில் சிலரது கண்களைக் கட்டி, தமக்குப் பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தபோது, உண்மையில் தனியாக இழுத்தவர்களும் தளர்ந்தே இழுத்தார்கள். பிறகு 1979 முதல் கைதட்டுவதையும் கத்துவதையும் வைத்து நடந்த சோதனைகள், ஒவ்வொருவருடைய பங்கும் தனியே அளக்கப்படும் என்று தெரிந்தால் இந்தத் தளர்வு பெரிதும் மறைந்துவிடுகிறது என்று காட்டின. தம் பங்கு தம்முடையதாக அடையாளம் காணப்படாத இடத்தில் மனிதர்கள் தளர்கிறார்கள். நீங்கள் இரவில் திருத்தி எழுதும் ஒவ்வொரு தாளிலும், ஒரு பயிற்சி மாணவரின் நல்ல பங்கும் பிழையான பங்கும் ஒருசேர உங்கள் வேலைக்குள் மறைந்துபோகின்றன. அவருடைய வேலை யாருக்கும் தெரியாமல் போகும்போது அவர் கவனம் குறைகிறது, அதைப் பார்த்து உங்கள் நம்பிக்கை குறைகிறது, அதனால் நீங்கள் இன்னும் அதிகமாகத் திருத்துகிறீர்கள். உங்களை மதிப்பிட்டவர் கண்டது இந்தச் சுழலைத்தான் என்று ஊகிக்கிறேன். இது மாற்றக்கூடிய பழக்கம். மாற்றாமல் கரூருக்குப் போனால் அந்த மூன்று உதவியாளர்களிடமும் இதுவே நடக்கும். அங்கே உங்கள் தாளைச் சரிபார்க்க மேலே ஒருவரும் இருக்கமாட்டார் என்பதால் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும்.

கூட்டங்களில் பேசாததை நான் பெரிய குறையாக எண்ணவில்லை. நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசனைகளைச் சொல்வதைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தால் அதிக யோசனைகள் கிடைக்கின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1958இலேயே கண்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதும், அந்தக் காத்திருப்பிலேயே யோசனை நழுவிப்போவதும் இதற்கு முக்கியக் காரணம் என்று 1987இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே, தணிக்கைத் திட்டமிடல் கூட்டத்துக்கு முந்தைய நாளே, ‘இந்த வாடிக்கையாளரிடம் எங்கே தவறு நேரக்கூடும்’ என்று ஒவ்வொருவரும் அரைப்பக்கம் எழுதி அனுப்பும் வழக்கத்தை உங்கள் குழுவில் நீங்கள் தொடங்கலாம். எழுத்தில் நீங்கள் தெளிவானவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களைப்போல் பேசத் தயங்கும் பயிற்சி மாணவர்களுக்கும் இதனால் இடம் கிடைக்கும்.

சேர்ந்து வேலை செய்வதென்றால் எப்போதும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பது என்று பலரும் எண்ணுகிறார்கள். கணித உலகில் மிக நீண்ட, மிகச் செழிப்பான கூட்டுழைப்புகளில் ஒன்று ஹார்டிக்கும் லிட்டில்வுட்டுக்கும் இடையில் 1911இல் தொடங்கி 35 ஆண்டுகள் நடந்தது. 1913இல் சென்னைத் துறைமுகக் கழக எழுத்தரான ராமானுஜனின் கடிதம் வந்தபோது, ஹார்டி அதை எடுத்துக்கொண்டு போய்க் கலந்துபேசியது இந்த லிட்டில்வுட்டுடன்தான். அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த விதிகளை ஹாரால்டு போர் என்னும் கணிதவியலாளர் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியா தவறா என்பது பொருட்டல்ல. வந்த கடிதத்தைப் படிக்கவோ பதில் எழுதவோ கடமை இல்லை. இருவரும் ஒரே நுணுக்கத்தை ஒரே நேரத்தில் ஆராய்ந்தாலும் பாதகமில்லை, ஆனால் ஆராயாமல் இருப்பதே நல்லது. ஒரு கட்டுரையில் ஒருவருடைய பங்கு சிறிதும் இல்லாவிட்டாலும் இருவர் பெயரிலும் அது வெளியாகலாம். நான்கு விதிகளில் மூன்று, ஒருவருடைய தனிமையை மற்றவரிடமிருந்து காப்பதற்காகவே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாதுகாப்பு இருந்ததால்தான் அவ்வளவு காலம் அவர்களால் சேர்ந்து உழைக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். தணிக்கையில் இதே விதிகளை வைத்துக்கொள்ள முடியாது. அங்கே சரியா தவறா என்பது மிகவும் பொருட்டு. ஆனால் எந்த நேரத்தில் யார் யாரைத் தொந்தரவு செய்யலாம், எந்தப் பகுதி யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள முடியும். உங்கள் குழு அப்படி ஒருமுறையாவது பேசியிருக்கிறதா?

இனி, நீங்கள் கேட்ட ‘எப்படித் தெரிந்துகொள்வது’ என்பதற்கு வருகிறேன். மனநிலையைக் கொண்டு தெரிந்துகொள்ள முயல வேண்டாம். தனியாக இருந்தபோது அமைதியாக இருந்தேன் என்பது, தனியாகச் செய்த வேலை நன்றாக இருந்தது என்பதற்குச் சான்றாகாது. குழுவில் எரிச்சலாக இருந்தது என்பதும் குழுவில் செய்த வேலை மோசம் என்பதற்குச் சான்றாகாது. வேலையையே பார்க்க வேண்டும். பிற தொழில்களில் இருப்பவர்களுக்கு இது கடினம். உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. தணிக்கைக் கோப்பின் ஒவ்வொரு தாளிலும் தயாரித்தவர் யார், சரிபார்த்தவர் யார், எந்தத் தேதியில் என்று குறித்திருக்கிறது. சரிபார்த்தவர் எழுப்பிய கேள்விகளும், அவற்றுக்கு நீங்கள் தந்த பதில்களும் அதிலேயே இருக்கின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் பெரும்பாலும் தனியாகச் செய்து முடித்த சில கோப்புகளையும், இன்னொருவரோடு நெருங்கிச் செய்த சில கோப்புகளையும் அலுவலகத்திலேயே எடுத்துவைத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்தக் கேள்விகளை மட்டும் படியுங்கள். கோப்புகளை வெளியே எடுத்துப்போகவோ, வாடிக்கையாளர் விவரங்களை உங்கள் குறிப்பேட்டில் எழுதவோ வேண்டாம்.

படிக்கும்போது எத்தனை கேள்விகள் என்று எண்ணுவதைவிட, எந்த வகைக் கேள்விகள் என்று பாருங்கள். கூட்டல் பிழை, விடுபட்ட வவுச்சர், தவறான பிரிவு எண் போன்றவை ஒரு வகை. சோர்வும் அவசரமும் குறைந்தால் இவை தனியாக வேலை செய்யும்போது குறைவதுண்டு. ‘இந்தக் கடன் திரும்ப வரும் என்று எதை வைத்து ஏற்றுக்கொண்டீர்கள்’, ‘நிர்வாகம் சொன்ன விளக்கத்தை வேறு எதனோடு ஒப்பிட்டீர்கள்’ போன்றவை இன்னொரு வகை. இவை நாம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்ட நம்பிக்கைகளைத் தொடுபவை. தன் ஊகத்தைத் தானே கண்டுபிடிப்பது எவ்வளவு கூர்மையானவருக்கும் கடினம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையில், அந்தக் குழுவில் இல்லாத ஒருவர் அறிக்கை வெளியாகும் முன் மறுபார்வை செய்ய வேண்டும் என்று உங்கள் தொழிலின் தரக்கட்டுப்பாட்டு விதி சொல்வது இதனால்தான். தனியாகச் செய்த கோப்புகளில் இரண்டாம் வகைக் கேள்விகள் மிகுந்திருந்தால், எங்கே வேலை செய்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும் ஒருவர் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். இரு வகைக் கோப்புகளிலும் அவை ஒரே அளவில் குறைவாக இருந்தால், தனித்துச் செயல்படுவதில் உங்களுக்கு உண்மையான வலு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கோப்புகள் கடந்த காலத்தைச் சொல்லும். வரும் மாதங்களுக்கு, மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் வலியுறுத்திய முறையைப் பரிந்துரைக்கிறேன். முக்கியமான எந்த முடிவை எடுத்தாலும், அதிலிருந்து என்ன எதிர்பார்க்கிறோம் என்று அப்போதே எழுதிவைத்து, 9 அல்லது 12 மாதங்கள் கழித்து நடந்ததோடு ஒப்பிட வேண்டும் என்றார் அவர். உங்களுக்கு இவ்வளவு நீண்ட காலம் தேவைப்படாது. தணிக்கைப் பணிகள் சில வாரங்களில் முடிபவை. ஒவ்வொரு பணியையும் தொடங்கும்போது, எந்தப் பகுதியைத் தனியாகச் செய்யப் போகிறீர்கள், எதை யாரோடு, எவ்வளவு நாளில் முடியும், எங்கே சிக்கல் வரும் என்று சில வரிகள் எழுதுங்கள். முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். களைப்பையும் எழுதலாம், ஆனால் அதைத் தனிப் பத்தியில் எழுதி, தரத்தோடு கலக்காமல் வையுங்கள். ஒரு தணிக்கைப் பருவம் முடிவதற்குள் தெளிவான ஒரு வடிவம் தென்படும்.

கரூர் அலுவலகத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தனித் தொழில் என்ற பெயரைக் கேட்டு, அங்கே தனிமை கிடைக்கும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். ஜவுளி ஏற்றுமதியாளர்களும், பேருந்துக் கூண்டு கட்டுபவர்களும், கொசுவலை உற்பத்தியாளர்களும் நிறைந்த ஊரில், மாதத்தின் 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை விவரப் படிவத்துக்கும் 20ஆம் தேதி வரி செலுத்தும் படிவத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் ஓர் ஆடிட்டரின் தொலைபேசி ஓய்வதில்லை. வாடிக்கையாளர் நேரில் வந்து உட்கார்ந்துவிடுவார். வரித்துறை அறிவிப்புக்கு அன்றே பதில் வேண்டும் என்பார். கட்டணத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். சென்னையில் இவற்றில் பெரும்பகுதியைப் பங்குதாரர்கள் தாங்கிக்கொள்வதால்தான் உங்களுக்கு எண்களோடு உட்கார இடம் கிடைக்கிறது. தொடர்ச்சியான அமைதி வேண்டும் என்பதற்காக மட்டும் கரூருக்குப் போனால் நீங்கள் ஏமாற்றமடைவீர்கள். முடிவெடுக்கும் சுதந்திரம் வேண்டும், வாடிக்கையாளரை நேரடியாக அறிய வேண்டும், உங்கள் பெயரில் ஒன்றை வளர்க்க வேண்டும் என்பதற்காகப் போனால், அது அங்கே நிச்சயம் கிடைக்கும். அமைதி வேறு, சுதந்திரம் வேறு; இவற்றில் எது உங்களுக்கு இப்போது குறைவாக இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் திறமையில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு இப்போதைய அலுவலகத்தினுடையது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அறுவை செய்த இதய மருத்துவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2006இல் வெளியானது. ஒரு மருத்துவமனையில் அவர்கள் செய்யும் அறுவைகள் கூடக் கூட அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் இறப்பு குறைந்தது. ஆனால் வேறு மருத்துவமனையில் செய்த அறுவைகளின் அனுபவம் இங்கே அவ்வாறு உதவவில்லை. கை அதே கைதான். உடன் நின்றவர்களையும் அந்த இடத்தின் முறைகளையும் பழகியதில்தான் வேறுபாடு. தனித்திறமையின் உச்சம் என்று நாம் எண்ணும் வேலையிலேயே நிலைமை இது. சந்தேகம் வந்தால் எழுந்துபோய்க் கேட்க ஒரு மூத்தவர், மறைமுக வரிக்கு ஒருவர், நிறுவனச் சட்டத்துக்கு ஒருவர் என்று இன்று உங்களைச் சுற்றி இருப்பவர்களை, நீங்கள் அவர்களிடம் கேட்கும்போது கவனித்து எழுதிவையுங்கள். கரூரில் அவர்களுடைய இடத்தில் யார் இருப்பார் என்ற கேள்விக்கு, போவதற்கு முன்பே பெயரோடு விடை இருக்க வேண்டும். 2019 முதல் நீங்கள் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றிலும் அறிக்கையிலும் இட வேண்டிய 18 இலக்க யூடின் (ஆவண அடையாள) எண் உங்கள் ஒருவரையே பொறுப்பாளியாகக் காட்டும். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ தனியாக அலுவலகம் நடத்தும் ஓரிரு தணிக்கையாளர்களோடு, வாடிக்கையாளர் விவரங்களை வெளியிடாமல் சிக்கலான கேள்விகளை மட்டும் கலந்துபேசும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ள முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

கரூர், சென்னை இரண்டையும் வேலையை விடாமலே சோதிக்கலாம் என்பது உங்கள் நிலைமையில் உள்ள பெரிய நன்மை. உங்கள் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தி, சேர்ந்திருக்கும் விடுப்பை எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு மாதத்தில் 10ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை கரூர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். எதிலும் கையெழுத்திட வேண்டாம், ஆலோசனையும் சொல்ல வேண்டாம்; அந்த மூத்தவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது, உதவியாளர்களின் பிழைகளை அவர் என்ன செய்கிறார், இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று பாருங்கள். சென்னையில் அடுத்து வரும் தணிக்கை ஒன்றில், ஒரே ஒரு இளையவரிடம் மட்டும் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். அவருடைய தாளை நீங்கள் திருத்தாமல், கேள்விகளை எழுதித் திருப்பிக் கொடுங்கள். அவரே திருத்திக் கொண்டுவரட்டும். முதல் சில முறை நீங்களே செய்வதைவிட அதிக நேரம் ஆகும். கெடு நெருங்கும்போது கை துடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்பதும் சோதனையின் ஒரு பகுதியே.

கடிதத்தை மட்டும் வைத்து என் கணிப்பைச் சொல்வதானால், வேலையின் நடுப்பகுதிக்கு உங்களுக்குக் குறுக்கீடில்லாத தனிமை தேவை. அதன் தொடக்கத்திலும் முடிவிலும் உங்களுக்கு நல்ல துணை தேவை, அந்தத் துணையை நீங்கள் நன்றாகவே பயன்படுத்துகிறீர்கள். அந்த மாணவியின் ஓரக்குறிப்பை அலட்சியப்படுத்தாத ஒருவரைக் குழுவுக்கு ஒவ்வாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டுப் பேருக்குப் பொறுப்பேற்பதை நீங்கள் விரும்புகிறீர்களா என்பது வேறு. கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. விரும்பவில்லை என்றால், தொழில்நுட்பச் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பு உங்கள் நிறுவனத்தில் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

இந்த வாரமே இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். உங்களை மதிப்பிட்ட பங்குதாரரிடம், அந்த வரியை எழுதும்போது அவர் மனத்தில் இருந்த நிகழ்வுகள் எவை என்று, மறுப்பதற்காக அல்லாமல் தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். அத்துடன், களப்பணி முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு அரைநாட்கள் அழைப்புகள் இல்லாமல் வேலை செய்ய அனுமதியும் கேளுங்கள். கரூர் மூத்தவரிடம், செப்டம்பர் 30 தணிக்கைக் கெடு முடிந்து அக்டோபர் இறுதிக்குள் உறுதியான பதில் சொல்வதாகத் தெரிவியுங்கள். அவருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கியிருக்கும். நீங்கள் மறுத்தால் அவர் வேறொருவரைத் தேட வேண்டும், அதற்கும் அவருக்குக் காலம் வேண்டும்.